முன்பணம், மாறும் பில், மீதிப் பணம்: நோயாளர் குடும்பம் அறிந்திருக்க வேண்டியவை



கணக்குப் பிரிவின் மேசைக்கு முன் நின்று உறவினர்கள் கேட்கும் கேள்விகளுள் மூன்று நாள்தோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. “சேர்க்கும்போதே பணம் கட்டிவிட்டோமே, மறுபடியும் ஏன் கேட்கிறீர்கள்?” என்பது முதற்கேள்வி. “நேற்று ஒரு தொகை சொன்னீர்கள், இன்று அது ஏன் கூடியிருக்கிறது?” என்பது இரண்டாவது. “மீதிப் பணம் எப்போது கைக்கு வரும்?” என்பது மூன்றாவது.

இக்கேள்விகளைக் கேட்பதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை. குன்றாண்டார்கோவில், கீரனூர்ச் சுற்றுவட்டாரத்தில் வானம் பார்த்த பூமியில் பயிர் செய்யும் குடும்பங்கள், அவசரத்திற்குப் பணம் திரட்டும் வழிகள் சிலவே. கழுத்து நகை கூட்டுறவுச் சங்கத்துக்கோ அடகுக் கடைக்கோ செல்கிறது. கொட்டிலில் நின்ற மாடு விலைக்குப் போகிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனோ மருமகனோ கடன் வாங்கி அனுப்புகிறார். இவ்வாறு வந்த பணத்துக்கு ஒவ்வொரு நாளும் வட்டி ஏறுகிறது. ஆகவே, அப்பணம் எங்கே இருக்கிறது, எதற்குச் செலவாகிறது, எவ்வளவு திரும்பும் என்பதை அறிவது சிகிச்சையைப் பற்றி அறிவதற்கு அடுத்த நிலையில் முக்கியமானது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்பணம் என்பது கட்டணம் அன்று

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மருத்துவமனை ஒரு பணியைச் செய்து முடித்த பின் அதற்காகப் பெறுவது கட்டணம். இனிச் செய்யப்போகும் பணிகளுக்காக முன்கூட்டிப் பெற்று வைப்பது முன்பணம், அதாவது அட்வான்ஸ். முன்பணம் கட்டிய கணத்தில் அது மருத்துவமனையின் வருமானம் ஆகிவிடுவதில்லை. பில்லில் செலவு ஏறஏற, அந்த அளவுக்கு மட்டுமே அது கட்டணமாக மாறுகிறது. மாறாமல் எஞ்சி நிற்கும் ஒவ்வொரு ரூபாயும் உங்களுடையதே.

முன்பணம் பெறும் வழக்கம் மருத்துவமனைகளுக்கு மட்டும் உரியதன்று. திருமண மண்டபத்தினர், பந்தல்காரர், சமையல்காரர் ஆகியோரும் அதைப் பெறுகின்றனர். பொருளைக் கையில் கொடுத்துக் காசு வாங்கும் கடைக்காரருக்கு இது தேவைப்படுவதில்லை. பணி முடிந்த பின்னரே முழுத் தொகை தெரியவரும் தொழில்களில்தான் தேவைப்படுகிறது. ஆயினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. மண்டபத்துக்கு எத்தனை நாள், எத்தனை இலை என்பது முன்னரே தெரியும். நோயின் போக்கு அவ்வாறு முன்னரே தெரிவதில்லை. மருத்துவமனைப் பில் மாறுவதற்கும், முன்பணம் தவணை தவணையாகக் கேட்கப்படுவதற்கும் இதுவே அடிப்படைக் காரணம்.

முன்பணம் தடையாக நிற்கக் கூடாத இடங்கள்

முன்பணம் பெறுவது முறையானதே எனினும், அது உயிருக்கு முன் தடையாக நிற்கலாகாது. விபத்தில் அடிபட்டவர், மாரடைப்பு வந்தவர், பாம்பு தீண்டியவர், பேறுகால வேதனையில் ஆபத்தான நிலையில் வருபவர் ஆகியோருக்கு முதலில் சிகிச்சை, பின்னரே பணம். 1989ஆம் ஆண்டு பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிரைக் காக்கும் உடனடிச் சிகிச்சையை அளிக்கும் கடமை அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவருக்கும் உண்டு எனத் தீர்ப்பளித்தது. காவல்துறை வரும்வரை காத்திருப்பதும் வேண்டியதில்லை என அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்குத் தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை, வரையறுத்த உச்சவரம்பு வரை, அரசே ஏற்கிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், காப்பீட்டு அட்டை உள்ளவரா இல்லாதவரா என்பன பார்க்கப்படுவதில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் வருவோரும் இதனை நினைவில் வைக்க வேண்டும். 2012ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய இத்திட்டம், 2018இல் மத்திய அரசின் பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய யோஜனாவுடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் இதில் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. இத்திட்டத்தில் ஒப்புதல் பெற்ற சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் பெறுவதற்கு இடமில்லை. ஆகவே, அட்டை இருப்பின் சேர்க்கையின்போதே அதைக் காட்டிவிட வேண்டும். வீட்டில் அட்டையை மறந்து வந்திருந்தாலும், குடும்ப அட்டையையும் ஆதாரையும் கொண்டு திட்டத்தின் உதவி மேசையில் சரிபார்க்க இயலும். அவசரத்தில் முன்பணம் கட்டிய பின்னர்த் திட்ட ஒப்புதல் கிடைத்தால், அந்த முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். திட்டம் பற்றிய ஐயங்களுக்கு 1800 425 3993 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

மதிப்பீடு ஏன் மாறுகிறது?

சேர்க்கையின்போது தரப்படும் தொகை ஒரு மதிப்பீடே. அதில் அறை வாடகை, மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கு, மயக்க மருந்து, மருந்து மாத்திரை, பரிசோதனை ஆகியவை ஒரு சராசரிப் போக்கை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. நோய் அந்தச் சராசரியிலிருந்து விலகும்போது தொகையும் விலகுகிறது.

விலகலுக்குக் காரணங்கள் பல. இரண்டு நாள் என எண்ணிய தீவிர சிகிச்சைப் பிரிவு நான்கு நாள் ஆகலாம். இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். சர்க்கரை நோய் கட்டுக்குள் வராமல் அறுவை தள்ளிப்போகலாம். பொதுவார்டில் இருந்தவர் தனியறை கேட்டு மாறியிருக்கலாம். மருத்துவமனைகள் பலவற்றில் அறையின் வகைக்கேற்ப மருத்துவர் வருகைக் கட்டணமும் செவிலியர் கட்டணமும் மாறுபடும். எனவே, அறை மாறுவதற்கு முன், வாடகை எவ்வளவு என்பதுடன், “இந்த அறைக்கு வந்தால் வேறு எந்தெந்தக் கட்டணம் கூடும்?” என்றும் கேட்பது நல்லது.

மதிப்பீட்டை வாய்மொழியாகப் பெறாமல் எழுத்தில் பெறுங்கள். அதில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும். மதிப்பீட்டில் அடங்குவன எவை, அடங்காதவை எவை, எத்தனை நாளுக்கு என்பவையே அவை. ‘தொகுப்புக் கட்டணம்’ எனப்படும் பேக்கேஜ் முறையில் சிகிச்சை பெறுவோருக்கு, அடங்காதவை எவை என்னும் கேள்வி மிகவும் இன்றியமையாதது. தொகுப்புக்குள் மூன்று நாள் தங்கல் என்றிருந்து நான்காம் நாள் தங்க நேர்ந்தால், அந்நாளிலிருந்து தனிக்கணக்கு தொடங்கும்.

ரசீது: இழக்கக் கூடாத காகிதம்

முன்பணம் எத்தனை முறை கட்டினாலும் ஒவ்வொரு முறையும் ரசீது பெற வேண்டும். ரசீதில் நோயாளியின் பெயர், உள்நோயாளி எண், தேதி, தொகை, கட்டிய முறை, ‘முன்பணம்’ என்ற குறிப்பு ஆகியவை உள்ளனவா எனப் பாருங்கள். இவற்றுள் உள்நோயாளி எண்ணே தலையாயது.

இதன் அருமையை யான் சொந்த அனுபவத்தில் உணர்ந்தேன். இப்பணிக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னர், என் தந்தையாரை வேறோர் ஊரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். நான்கு முறை முன்பணம் கட்டினோம். இறுதிப் பில்லில் மூன்று முறை கட்டியதாகவே இருந்தது. அதே வார்டில் என் தந்தையாரின் பெயரையே கொண்ட மற்றொரு பெரியவர் இருந்தார். எங்கள் பணத்துள் ஒரு தவணை அவர் கணக்கில் வரவாகியிருந்தது. அந்த ஒரு ரசீதைத்தான் எங்களால் கண்டெடுக்க இயலவில்லை. சித்தப்பா அதனைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். சட்டை வெளுப்புக்குப் போய்விட்டது. கணக்கு நேராவதற்குப் பதினொரு நாள் ஆயிற்று. யாரும் ஏமாற்றவில்லை, எண்ணைப் பார்க்காமல் பெயரைப் பார்த்துப் பதிந்ததே பிழை. ஆயினும் அந்தப் பதினொரு நாளும் என் தாயாரின் வளையல் அடகிலிருந்தது.

குன்றாண்டார்கோவிலில் குன்றைக் குடைந்து அமைத்த சிவன் கோயிலில் பல்லவர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கோயிலுக்குக் கொடை அளித்தவர் யார், அளித்தது என்ன, எதற்காக என்பவற்றைக் கல்லில் பொறிப்பது நம் முன்னோர் வழக்கம். கொடுத்தவரும் பெற்றவரும் மறைந்த பின்னும் கணக்கு நிற்க வேண்டும் என்பதே அதன் கருத்து. ரசீது செய்யும் பணியும் அதுவே. ஆகவே, ஒரு நெகிழிப் பையில் எல்லா ரசீதுகளையும் தேதி வரிசையில் இடுங்கள். குடும்பத்தில் ஒருவரே அப்பைக்குப் பொறுப்பேற்கட்டும். ஒவ்வொரு ரசீதையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். சில ரசீதுத் தாள்களின் எழுத்து வெயிலிலும் வெப்பத்திலும் மங்கிவிடும் என்பதால் இது தேவை.

இடைக்காலப் பில்லைக் கேட்டுப் பெறுங்கள்

வீடு திரும்பும் நாளில்தான் பில்லைப் பார்ப்பது என்பது பலர் செய்யும் தவறு. அன்று நோயாளிக்குக் களைப்பு, உறவினருக்கு அவசரம், வாசலில் வண்டி காத்திருக்கிறது. பத்துப் பக்கப் பில்லை அந்த வேளையில் எவராலும் ஊன்றிப் படிக்க இயலாது. அதற்கு மாறாக, இரண்டு நாளுக்கு ஒரு முறை இடைக்காலப் பில்லைக் கேட்டுப் பெறுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்போருக்கு நாள்தோறும் கேட்பது தகும்.

அதில் பார்க்க வேண்டியவை கடினமானவை அல்ல. எத்தனை நாள் அறை வாடகை ஏறியுள்ளது? ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாறிய நாளில் இரண்டுக்கும் முழு வாடகை விழுந்துள்ளதா? எடுக்காத பரிசோதனையோ, ஒரே பரிசோதனை இருமுறையோ உள்ளதா? மருந்துக் கடைக்குத் திருப்பி அனுப்பிய மருந்துகள் கழிக்கப்பட்டுள்ளனவா? கட்டிய முன்பணம் அனைத்தும் வரவு வைக்கப்பட்டுள்ளதா? இந்த ஐந்து கேள்விகளே போதும்.

உடனிருப்பவர் ஒரு சிறு குறிப்பேட்டில் அன்றன்று நடந்தவற்றை எழுதி வைத்தால், ஒப்பிடுவது எளிதாகும். ‘செவ்வாய் காலை ஸ்கேன், மாலை வார்டு மாற்றம், இரவு இரத்தம் ஒரு பை’ என்ற அளவில் எழுதினால் போதும்.

இருதய நாளத்தில் ஸ்டென்ட் வைப்போருக்கு ஒரு தனிக்குறிப்பு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்டுகளுக்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மாற்றுக் கருவிகளுக்கும் உச்ச விலை நிர்ணயித்தது. ஸ்டென்டின் விலையும் அதன் நிறுவனப் பெயரும் பில்லில் தனியே காட்டப்பட வேண்டும். கருவியின் உறையில் உள்ள ஒட்டுச்சீட்டையும் கேட்டுப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம்

இது விளக்கத்திற்காக அமைத்த எடுத்துக்காட்டு. கண்மாய்க் கரையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்த ஒரு மூதாட்டியைச் சேர்க்கின்றனர் எனக் கொள்வோம். மதிப்பீடு 85,000 ரூபாய். சேர்க்கும்போது 40,000 ரூபாயும், அறுவைக்கு முன் 25,000 ரூபாயும், பின்னர் 20,000 ரூபாயும் ஆக, 85,000 ரூபாய் முன்பணம் கட்டப்படுகிறது.

வீடு திரும்புவதற்கு முதல் நாள் வரைவுப் பில் 88,400 ரூபாய் என வருகிறது. அவ்வாறே ஏற்றால் குடும்பம் இன்னும் 3,400 ரூபாய் கட்ட வேண்டும். உடனிருந்த மகள் தம் குறிப்பேட்டுடன் ஒப்பிடுகிறார். பயன்படுத்தாமல் திருப்பிய மருந்து 3,250 ரூபாய் கழிக்கப்படவில்லை. 2,800 ரூபாய் ஸ்கேன் இருமுறை ஏறியுள்ளது. வார்டு மாறிய நாளில் 1,500 ரூபாய் வாடகை கூடுதலாக விழுந்துள்ளது. மூன்றும் சேர்ந்து 7,550 ரூபாய். திருத்திய பில் 80,850 ரூபாய். இப்போது குடும்பம் 3,400 ரூபாய் கட்டுவதற்கு மாறாக, 4,150 ரூபாயைத் திரும்பப் பெறுகிறது.

இவற்றுள் எதுவும் தீய எண்ணத்தால் நேர்ந்தது எனக் கருத வேண்டியதில்லை. வார்டு, மருந்துக் கடை, ஆய்வகம், கணக்குப் பிரிவு என நான்கு இடங்களில் நான்கு பேர் பதியும் கணக்கில் பிழை நேர்வது இயல்பு. கேட்டால் திருத்துவது எங்கள் கடமை. கேட்பதை நாங்கள் குறையாக எண்ணுவதில்லை. கேட்பவரால் எங்கள் கணக்கும் தூய்மையாகிறது.

பில்லைத் திருத்தும் முறை

திருத்தம் எவ்வாறு செய்யப்படுகிறது என்பதும் முக்கியம். பேனாவால் அடித்து எழுதுவது முறையான திருத்தம் ஆகாது. பழைய பில் எண், புதிய தொகை, மாற்றத்துக்கான காரணம், தேதி ஆகியவற்றுடன் திருத்திய பில்லோ, குறைத்த தொகைக்கான வரவுக் குறிப்போ அச்சிட்டுத் தரப்பட வேண்டும். தொகை கூடினாலும் இதே விதி. “விட்டுப்போயிற்று, இதையும் கட்டுங்கள்” என்று இறுதி நேரத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டால், அது எந்த நாள், எந்தச் சிகிச்சைக்கு உரியது எனக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனம், கட்டண விவரங்களை முன்னரே அறிவதையும், ஒவ்வோர் இனமும் பிரித்துக் காட்டிய பில்லைப் பெறுவதையும் நோயாளியின் உரிமைகளாக வகுக்கிறது. ‘மருந்துகள் – 32,000’ என ஒரே வரியில் தரப்படும் பில் அந்த உரிமையை நிறைவு செய்வதில்லை. எந்த மருந்து, எத்தனை, என்ன விலை என்பன இருக்க வேண்டும். மருத்துவப் பதிவேடுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நன்னடத்தை விதி. பில்லில் ஐயம் எழுந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இந்நகல் உதவும்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவச் சிகிச்சைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. ஆயினும், 2022 ஜூலை 18 முதல், நாள் வாடகை 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 5 விழுக்காடு வரி உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அவ்வரி இல்லை. ஆகவே, பொதுவார்டுப் பில்லின் அறை வாடகையில் வரி காணப்பட்டால் விளக்கம் கேளுங்கள்.

தனியார் காப்பீடு உள்ளோர் கவனத்திற்கு

பணமில்லாச் சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைத்த பின்னும் சிலரிடம் முன்பணம் கேட்கப்படுகிறது. கையுறை, பஞ்சு முதலியவை போன்று காப்பீடு ஏற்காத செலவுகளுக்காக ஒரு சிறு தொகை கேட்பது வழக்கம். அத்தொகை எதற்காக என எழுதி வாங்குங்கள். ஒப்புதலுக்கு முன் பெருந்தொகை கட்டியிருந்தால், ஒப்புதல் வந்தவுடன் அதைத் திரும்பக் கேளுங்கள். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கிய 50,000 ரூபாய்க்கு மாதம் 1,000 ரூபாய் வட்டி ஏறும் என்பதை மறவாதீர்கள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதத்தில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பணமில்லாச் சிகிச்சைக்கான முதல் முடிவை ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்புவதற்கான இறுதி ஒப்புதலை மருத்துவமனையின் கோரிக்கை கிடைத்த மூன்று மணி நேரத்திலும் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதித்தால், அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். நோயாளி ஏற்க வேண்டியதில்லை.

அறை வாடகை வரம்பு மற்றொரு கண்ணி. உங்கள் பாலிசியில் நாள் வாடகை வரம்பு 2,000 ரூபாய் என்றிருக்க, 4,000 ரூபாய் அறையில் தங்கினால், கூடுதல் வாடகை மட்டும் உங்கள் பொறுப்பு என எண்ணிவிடக் கூடாது. விகிதக் கழிவு உள்ள பாலிசிகளில், மருத்துவர் கட்டணம், அறுவை அரங்குக் கட்டணம் முதலியவற்றிலும் பாதியையே நிறுவனம் தரும். அவ்வகைக் கட்டணம் 60,000 ரூபாய் எனில், 30,000 ரூபாய் உங்கள் தலையில் விழும். மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் இவ்வாறு கழிக்கலாகாது. எனவே, பாலிசியின் வரம்பை அறிந்த பின்னரே அறையைத் தேர்ந்தெடுங்கள்.

ரொக்கமாகக் கொண்டு வருவோர்

நகையை அடகு வைத்துத் துணிப்பையில் ரொக்கமாகக் கொண்டு வருவோர் ஒரு சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். 2017 ஏப்ரல் 1 முதல், ஒரே நாளிலோ, ஒரே நிகழ்வின் பொருட்டோ ஒருவரிடமிருந்து 2 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் பெற்றவருக்கு, பெற்ற தொகைக்குச் சமமான தண்டம் உண்டு. ஒரு முறை சேர்க்கையில் தவணை தவணையாகக் கட்டும் தொகைகளும் சேர்த்தே எண்ணப்படும். கொரோனா இரண்டாம் அலையின்போது 2021 ஏப்ரல், மே மாதங்களுக்கு மட்டும் மருத்துவமனைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இப்போது அது இல்லை.

ஆகவே, ரொக்கத்தை வாங்க மறுத்தால் சினம் கொள்ள வேண்டாம். சட்டம் அவ்வாறு உள்ளது. நகைக்கடன் தொகையை வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்கச் சொல்லி, அங்கிருந்து நேரே மாற்றலாம். வரைவோலை, அட்டை, யுபிஐ ஆகியவையும் ஏற்கப்படும். மருத்துவமனைகளுக்கு யுபிஐ வழியாக ஒரு முறைக்கு 5 இலட்சம் ரூபாய் வரை செலுத்த ரிசர்வ் வங்கி வழிசெய்துள்ளது. உங்கள் வங்கி அதனினும் குறைந்த வரம்பை வைத்திருக்கக் கூடும்.

மீதிப் பணம் திரும்பும் வழி

பணம் எவ்வழியில் வந்ததோ அவ்வழியிலேயே திரும்புவது பொதுவான நடைமுறை. பக்கத்து வீட்டுத் தம்பியின் கைப்பேசியிலிருந்து யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால், மீதியும் அவர் கணக்குக்கே செல்லக் கூடும். சிங்கப்பூரிலுள்ள மகன் அனுப்பினால் மீதி அவருக்குச் செல்லலாம். எனவே, இயன்றவரை நோயாளியின் கணக்கிலிருந்தோ, நெருங்கிய உறவினர் ஒருவரின் கணக்கிலிருந்தோ கட்டுங்கள்.

வீடு திரும்பும் நாளில் முன்பண ரசீதுகள் அனைத்தையும், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்க நகலையும் கொண்டு வாருங்கள். மீதி அன்றே கிடைக்காவிட்டால், எவ்வளவு, எந்த நாளுக்குள், எந்தக் கணக்குக்கு என எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மூல ரசீதுகளை ஒப்படைக்கும்போது ஒரு நகலைக் கட்டாயம் வைத்திருங்கள். ஊர் திரும்பிய பின் ஐம்பது ரூபாய் மீதிக்காகப் பேருந்தில் வந்துபோவது நட்டமே என்பதால், சிறு தொகையாயினும் புறப்படுவதற்கு முன்னரே கணக்கை முடித்துக்கொள்ளுங்கள்.

பணம் போதாத வேளையில்

இதனைப் பேசுவது கடினம். எனினும் பேச வேண்டியது. பணம் தீர்ந்துவிட்டது என்பதைச் சொல்ல வெட்கப்பட்டு, நோயாளியை இரவோடு இரவாக வீட்டுக்கு அழைத்துச் செல்லும் குடும்பங்கள் உள்ளன. அவ்வாறு செய்யாதீர்கள். மருத்துவரிடமும் கணக்குப் பிரிவிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். குறைந்த வாடகை வார்டுக்கு மாறலாம், அதே குணமுள்ள விலை குறைந்த பொதுப்பெயர் மருந்து உண்டா எனக் கேட்கலாம், தவணை கேட்கலாம். நோயாளியின் நிலை இடங்கொடுத்தால், 2017இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ உரிய குறிப்புகளுடன் மாற்றலாம். அங்கே முன்பணம் என்ற பேச்சே இல்லை.

பில் பாக்கிக்காக நோயாளியை நிறுத்தி வைப்பதும், இறந்தவரின் உடலைத் தர மறுப்பதும் நோயாளர் உரிமைச் சாசனத்துக்கு முரணானவை. பாக்கிக்காக நோயாளியைப் பிடித்து வைக்கலாகாது என 2017இல் தில்லி உயர் நீதிமன்றமும் கூறியது. பாக்கி அதனால் இல்லாமற் போய்விடாது. அதைச் சட்டப்படி வசூலிக்கும் வழிகள் மருத்துவமனைக்கு உண்டு. மனிதரைப் பிணையாக வைப்பது அவ்வழிகளுள் ஒன்றன்று.

குறை தீராவிட்டால்

முதலில் கணக்குப் பிரிவின் பொறுப்பாளரிடமும், அடுத்து மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடமும் எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கான ஒப்புகையைப் பெறுங்கள். காப்பீடு பற்றிய குறையாயின் அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடமும், பின்னர்க் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் செல்லலாம். கட்டணம் பெறும் மருத்துவப் பணி நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. எங்கே சென்றாலும் முதலில் கேட்கப்படுவது ரசீதும் பில்லுமே.

நினைவில் வைக்க

1. காப்பீட்டு அட்டையைச் சேர்க்கையின்போதே காட்டுக.
2. மதிப்பீட்டை எழுத்தில் பெறுக. அடங்காதவை எவை எனக் கேட்க.
3. ஒவ்வொரு முன்பணத்துக்கும் உள்நோயாளி எண்ணுடன் ரசீது பெறுக. படம் எடுத்து வைக்க.
4. இரண்டு நாளுக்கு ஒரு முறை இடைக்காலப் பில்லைப் பார்க்க.
5. திருப்பிய மருந்துக்குத் திருப்பல் சீட்டு பெறுக.
6. திருத்தம் எதுவாயினும் அச்சிட்ட திருத்திய பில்லாகப் பெறுக.
7. புறப்படுவதற்கு முதல் நாளே வரைவுப் பில்லைக் கேட்க.
8. மீதிப் பணம் எந்த நாள், எந்தக் கணக்குக்கு என எழுதி வாங்குக.

இந்தப் பக்கத்தைக் கிழித்து ரசீதுப் பையில் வைத்துக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் உடனிருந்தால், பில்லை வரி வரியாகப் படித்துக் காட்டும்படி கணக்குப் பிரிவில் கேளுங்கள். படித்துக் காட்டுவது எங்கள் பணியின் ஒரு பகுதியே. நோயாளி நலமுடன் வீடு திரும்பும் நாளில், கணக்கிலும் ஐயமின்றித் திரும்ப வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.